அரிவாள்மணையும் கத்தித் தொகுப்பும்: இல்லச் சமையற் கருவித் தெரிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இல்லச் சமையலுக்குத் தரமான கத்தியைத் தெரிந்தெடுத்தல் இன்று வணிகப் பெயரையும் எண்ணிக்கையையும் பளபளப்பையும் சார்ந்த நுகர்வுச் செயலாகக் காணப்படுகிறது. தமிழ் இல்லங்களில் இத்தெரிவு நெடுங்காலம் கொல்லர் பட்டறையில், அலகுக்குப் பதம் வைத்தவரின் முன்னிலையில் நிகழ்ந்தது. தரத்தை மதிப்பிடும் அறிவு பட்டறையை விட்டு நீங்கியதற்கு உட்கார்ந்து அரியும் முறை அருகியது மட்டும் காரணமன்று. துருவேறா எஃகு வேண்டிய வெப்பமும் ஒரு காரணம் என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: அரிவாள்மணை, கொல்லர் பட்டறை, மூசை எஃகு, துருவேறா எஃகு, சமையலறை, கத்தித் தொகுப்பு

முன்னுரை

தமிழ் அடுக்களைப் பொருள்களுள் உரலும் உலக்கையும் அம்மியும் பெற்ற கவனத்தை அரிகருவி பெறவில்லை. உலக்கைக்கு வள்ளைப்பாட்டு உண்டு. அம்மிக்குத் திருமணச் சடங்கில் இடம் உண்டு. நாள்தோறும் கைபட்ட அரிவாள்மணைக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை. நற்றிணையின் 120ஆம் பாடலில் மாங்குடி கிழார் காட்டும் தலைவி, மெல்விரல் சிவக்க அரிந்து வகைப்படுத்தி, புகையுண்ட கண்களோடு, நெற்றி வியர்வையைத் துடைத்தவாறு விருந்துக்குச் சமைக்கிறாள். அரிதலின் வருத்தம் அவள் விரலில் தெரிகிறது. அரிந்த கருவி எது என்பது பாடலுக்குத் தேவைப்படவில்லை. பயன்படுத்துவோர்க்கு மிக அணுக்கமான பொருள்கள் ஆவணங்களிலிருந்து எளிதில் நழுவிவிடுகின்றன என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இன்று ஓர் இல்லத்தார் கத்தி வாங்கச் செல்லும்போது ஐந்தோ எட்டோ கத்திகள் மரக்கட்டையில் செருகப்பட்ட தொகுப்பு அவர்முன் வைக்கப்படுகிறது. 'எத்தொகுப்பு சிறந்தது' என்ற வினா, தொகுப்பு தேவை என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அவ்வேற்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பெயரில் அமைந்த உடல்நிலை

'அரிவாள்மணை' என்பது அரிவாள், மணை என்னும் இரு சொற்களின் சேர்க்கை. மணை என்பது அமர்வதற்குரிய பலகை. மணமக்கள் மணையில் அமர்வதாகக் கூறும் வழக்கிலும் அச்சொல்லே பயில்கிறது. பேச்சு வழக்கில் 'அருவாமணை' என்று குறுகும் இச்சொல்லைச் சிலர் றன்னகரமிட்டு 'அரிவாள்மனை' என எழுதுவதுண்டு. இல்லத்துக்குரிய கருவி என்ற எண்ணம் அப்பிழைக்கு இடம் தந்திருக்கலாம். ஆயினும் சொல்லின் உயிர் பலகையில்தான் இருக்கிறது. கன்னடத்தின் 'ஈளிகெ மணெ' என்பதிலும் மணை உண்டு. தெலுங்கின் 'கத்திபீட' என்பதிலுள்ள பின்னொட்டும் பீடத்தையே சுட்டும். இம்மூன்று மொழிகளும் அலகோடு இருக்கையையும் சேர்த்தே கருவிக்குப் பெயரிட்டுள்ளன. மராத்தியரின் 'விளி', வங்காளியரின் 'பொண்ட்டி' ஆகியனவும் இவ்வகைக் கருவிகளே. வங்காளத்துப் பொண்ட்டியைக் குறித்துச் சித்ரிதா பானர்ஜி 2001இல் எழுதிய கட்டுரை, மரக்கறிக்கும் மீனுக்கும் தனித்தனிப் பொண்ட்டிகள் வைக்கப்பட்ட வழக்கத்தையும் அதில் உறைந்த கைம்மை நோன்பின் கடுமையையும் விளக்குகிறது. காளிகாட் ஓவியங்களில் பொண்ட்டியில் மீன் அரியும் பெண்ணின் உருவம் இடம்பெற்றிருப்பதும் குறிப்பிடத்தக்கது.

தமிழில் கருவி ஒன்றாக இருந்தபோதும் வினைகள் பலவாக இருந்தன. கீரையை அரிவர், வெண்டையை நறுக்குவர், பூசணியைக் கீற்றாகப் பிளப்பர், மாங்காயை வகிர்வர், வாழைக்காயைச் சீவுவர், கத்தரிக்காயைக் கீறுவர், வெங்காயத்தைப் பொடியாகக் கொத்துவர், தேங்காயைத் துருவுவர். ஐரோப்பியச் சமையல் மரபில் இத்தகைய வேறுபாடுகள் கருவிகளின் பெயர்களாகப் பிரிந்தன: தோல் சீவும் கத்தி, எலும்பு நீக்கும் கத்தி, ரொட்டிக் கத்தி என்றவாறு. தமிழ் மரபில் அவை கையின் வினைகளாகவே நின்றன. அலகு அசையாது, பொருளைப் பிடித்த கைகளே கோணத்தையும் விசையையும் மாற்றின. பாக்குவெட்டி, தேங்காய் உடைக்கும் வெட்டரிவாள், பேனாக்கத்தி ஆகியவை இல்லத்தில் இருந்தனவெனினும் அன்றாடக் கறிகாய் வேலை முழுவதையும் அரிவாள்மணையே ஏற்றது.

கருவியின் இயக்கம்

அரிவாள்மணையில் அலகு பலகையில் செங்குத்தாக ஊன்றி, அரிபவரை நோக்கி வளைந்து நிற்கிறது. ஒரு காலை மடக்கியும் மற்றதைப் பலகைமேல் அழுத்தியும் அமர்வதால் உடலின் எடையே கருவியை நிலைநிறுத்துகிறது. இரு கைகளும் கறிகாய்க்கு உரியவை. கொத்தவரையையோ அவரையையோ பிடியாகச் சேர்த்து அலகில் செலுத்தலாம். சேனை, பலா, பூசணி போன்ற கடினமானவற்றின்மீது இரு தோள்களின் வலிமையும் இறங்குகிறது. நுனியில் பல்வட்டம் அமைந்த வகை தேங்காய்த் துருவியாகவும் பயன்படும். அரிந்த துண்டுகள் கீழே வைத்த பாத்திரத்தில் நேரே விழுவதால் வெட்டுப்பலகை வேண்டியதில்லை.

தர மதிப்பீட்டிற்கு மிக இன்றியமையாத கூறு இதில் அடங்கியுள்ளது. அரிவாள்மணையின் கூர் எந்தக் கடினப் பரப்பிலும் மோதுவதில்லை. கையால் பிடிக்கும் கத்தி ஒவ்வொரு வெட்டின் இறுதியிலும் அடியிலுள்ள பரப்பைத் தொடுகிறது. அப்பரப்பு மரமாக இல்லாமல் கருங்கல் மேடையாகவோ துருவேறா எஃகுத் தட்டாகவோ இருப்பின் கூர் விரைவில் மடங்குகிறது. அரிவாள்மணையை விட்டுக் கத்திக்கு மாறிய இல்லங்கள் பலவற்றில் வெட்டுப்பலகை உடன்வரவில்லை. 'இக்காலக் கத்திகள் நிற்பதில்லை' என்னும் பொதுக் குறையில் எஃகின் பங்கு எவ்வளவு, பரப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கரிமம் மிகுந்த சாதாரண எஃகின் குறைகளும் மறைக்கத்தக்கவை அல்ல. ஈரம் துடைக்காவிடில் துரு ஏறும். வாழைப்பூ, வாழைக்காய் ஆகியவற்றின் துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடிக் கருநீலக் கறையை உண்டாக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுமை ஆக்கிய அதே வேதிவினைதான் இது. அரிந்தவற்றை மோர் கலந்த நீரில் இடும் வழக்கம் இக்கறையையும் காற்றுபட்டுக் கறுப்பதையும் ஒருங்கே தடுக்கும் இல்லநுட்பம். துருவேறா எஃகை இல்லத்துப் பெண்கள் விருப்போடு வரவேற்றதற்கு இக்கறையும் துருவும் போதிய காரணங்களாகும். அவ்வரவேற்பை விளம்பர மயக்கமாக மட்டும் விளக்குவது அவர்களின் உழைப்பைக் கணக்கில் கொள்ளாத பார்வை.

பட்டறையில் நிகழ்ந்த தெரிவு

எஃகு அலகைச் செம்மை நிறம் ஏறும்வரை, ஏறத்தாழ 800 பாகை செல்சியசு அளவுக்குக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கடினமாகும். அந்நிலையில் கண்ணாடிபோல் உடையவும் செய்யும். மீண்டும் 200 முதல் 300 பாகைக்குள் இளஞ்சூடு காட்டும்போது பரப்பில் வைக்கோல் நிறம், பழுப்பு, நீலம் என நிறங்கள் ஓடும். எந்நிறத்தில் நிறுத்துவது என்பதே பதம். வெப்பமானி இல்லாத பட்டறையில் நிறமே அளவுகோல். உலையின் ஒளி மங்கிய மூலையில் நின்று நிறம் காணும் கண், துருத்தியை நிறுத்தும் கணத்தை அறியும் கை ஆகிய இரண்டுமே கொல்லரின் முதலீடு.

வாங்குவோர்க்கும் சோதனை முறைகள் இருந்தன. அலகைச் சுண்டி ஓசை கேட்டல், கூரின் குறுக்கே கட்டைவிரல் ஓட்டல், அரத்தால் உரசிப் பார்த்தல் என்பன அவை. அரம் கடிக்காமல் வழுக்கினால் அலகு கடினமானது. இவற்றைவிடப் பெரிய உறுதி, செய்தவர் அதே ஊரில் இருந்தது. மழுங்கினால் தீட்டுவதும், பதம் இறங்கினால் மறுபடி தோய்ப்பதும், மணை இற்றால் தச்சர் வேறு மணை இடுவதும் தொடர் உறவின் பகுதிகள். களத்தில் அளக்கப்பட்ட சுதந்தரம் என்னும் தானியப் பங்கு, உழவுக் கருவிகளைச் செப்பனிடும் பணிக்கு உரியது. அடுக்களை அலகும் அவ்வுறவின் நிழலிலேயே பேணப்பட்டது. அவ்வுறவு சாதிப் படிநிலையில் அமைந்தது என்பதையும், கொல்லரின் அறிவுக்கு ஏற்ற ஊதியத்தை அது தரவில்லை என்பதையும் மறந்து அதனைப் பொற்காலமாக்குதல் தகாது.

சரக்குந்துகள் பெருகிய பின்னர் அவற்றின் கழிந்த வில்பட்டைகள் பட்டறைகளின் முதன்மை மூலப்பொருளாயின. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். திரைப்படங்கள் அப்பெயரை வன்முறையோடு பிணைத்துவிட்டமையால் அங்குள்ள பட்டறைகளின் வேளாண், அடுக்களைப் பணி மறைந்துபோயிற்று. வில்பட்டை எஃகில் கரிமம் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு. செருமானியச் சமையற்கத்திகளில் பெரிதும் பயன்படும் எஃகிலும் கரிமம் ஏறத்தாழ 0.5 விழுக்காடே, உடன் 15 விழுக்காட்டளவில் குரோமியம் சேர்கிறது. கரிமத்தைக் கொண்டு மட்டும் நோக்கின் ஊர்க்கொல்லரின் அலகுக்கும் விலையுயர்ந்த அயல்நாட்டுக் கத்திக்கும் பெரிய இடைவெளி இல்லை. இடைவெளியை உண்டாக்கியது குரோமியம். அதன் வரலாறு இந்திய எஃகோடு தொடர்புடையது என்பது பலரும் கருதிப்பாராத செய்தி.

இந்திய எஃகிலிருந்து துருவேறா எஃகு வரை

நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் இரும்பு, எஃகுத் தொழிலின் உலைச்சான்றுகளை வெளிக்கொணர்ந்தன. மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு மூடி உருக்கும் முறை தென்னிந்தியாவில் நெடுங்காலம் நிலவியது. அடுக்களை அரிவாளும் அவ்வெஃகால் ஆனது என்று பெருமை பேசுவது பொருந்தாது. மூசை எஃகு சிறுசிறு கட்டிகளாக, மிகுந்த கரிச்செலவில் கிடைத்த அரும்பொருள்.

ஐரோப்பாவில் 'ஊட்ஸ்' எனப்பட்ட இவ்வெஃகின் மாதிரிகளை மும்பையிலிருந்து எலனசு சுகாட் என்னும் மருத்துவர் 1794இல் இலண்டன் அரச கழகத்தின் தலைவர் யோசப்பு பாங்சுக்கு அனுப்பினார். மறு ஆண்டு சியார்சு பியர்சன் அதனை ஆராய்ந்து கட்டுரை படித்தார். இலண்டனில் கத்தி செய்து விற்ற சேம்சு சுடோடார்ட்டு, நுண்கூர் வேண்டும் கருவிகளுக்கு இந்திய எஃகைப் போற்றியவர். அவரும் மைக்கேல் பாரடேயும் அதன் இயல்பை அறிந்து அதற்கு நிகரானதை ஆக்க முயன்று, எஃகுக் கலவைகள் பற்றி 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். 1821இல் பிரான்சில் பியர் பெர்த்தியே இரும்பு–குரோமியக் கலவை அமிலத்தை எதிர்ப்பதைக் கண்டு, கத்தித் தொழிலுக்கு அது உதவும் என்று கருத்துரைத்தார். பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை நிறுவி, சேலத்துத் தாதுவைப் பயன்கொண்ட சோசையா மார்சல் கீத்து, பின்னர் 1839இல் செபீல்டு எஃகுத் தொழிலில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றமையும் இங்கு நினைக்கத்தக்கது.

1913இல் செபீல்டில் துப்பாக்கிக் குழல் தேய்மானத்தை ஆராய்ந்த ஆரி பிரியர்லி, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கரிமமும் கொண்ட எஃகை வார்த்தார். அது கத்திகளாக்கப்பட்டபோது தொடக்கத்தில் கூர் ஏற்காத கத்தி என்ற எள்ளலே கிட்டியது. பழைய எஃகுக்குப் பழகிய தொழிலாளர் அதனைப் பழைய வெப்பத்திலேயே தோய்த்தமை ஒரு காரணம். துருவேறா கத்தி எஃகு கடினமாக 1000 பாகையையும் கடந்த வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் அளவாக நிறுத்திவைக்கவும் வேண்டும்.

தமிழகக் கொல்லர்க்கு நேர்ந்ததும் இதுவே. செபீல்டுத் தொழிலாளர்க்கு ஆலையின் உலையும் வெப்பமானியும் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தன. கரியும் துருத்தியும் கொண்ட ஊர்ப்பட்டறையில் அவ்வெப்பத்தைச் சீராக நிலைநிறுத்துவது அரிது. கண் கற்ற நிறங்களும் புதிய எஃகுக்குப் பொருந்தவில்லை. சந்தை கேட்ட பளபளப்பான அலகைக் கொல்லரால் வடிக்க முடிந்தாலும் பதம் வைக்க இயலவில்லை. அவர் தோற்றது திறனின்மையால் அன்று. அவரது அறிவு ஒரு குறிப்பிட்ட எஃகின் வெப்ப எல்லைக்குள் வளர்ந்தது. எஃகு அவ்வெல்லையைக் கடந்துவிட்டது.

இதனோடு ஒரு சொற்குழப்பமும் சேர்ந்தது. 'எவர்சில்வர்' என்னும் வழக்குச்சொல் இருவேறு எஃகுகளை ஒன்றாக்கிவிட்டது. சேலம் உருக்காலை 1981இல் உற்பத்தி தொடங்கிய பின்னர் துருவேறா எஃகுத் தகடு என்றால் சேலம் என்னும் அளவுக்கு அப்பெயர் புகழ்பெற்றது. பாத்திரங்களுக்குரிய, நிக்கல் கலந்த வகை, தோய்த்தலால் கடினமாகாது. கத்திக்குரிய வகை, கரிமம் போதிய அளவில் அமைந்து வெப்பப்பதத்தால் கடினமாவது. பாத்திரத் தகட்டின் பளபளப்பைத் தரச்சான்றாகக் கொண்டு கத்தியை மதிப்பிடும் பழக்கம் இச்சொல்லிலிருந்து கிளைத்தது எனலாம்.

நின்று சமைக்கும் அடுக்களை

மார்கரெட் சூட்டே-லிகாட்சுகி 1926இல் வகுத்த பிராங்க்பர்ட்டு சமையலறை, நின்று பணிசெய்யும் மேடையை நடுவாகக் கொண்ட சிற்றில்லச் சமையலறைக்கு முன்மாதிரியாயிற்று. இந்தியாவில் 1955இல் பர்மா-செல் நிறுவனம் சமையல் எரிவாயு விற்பனையைத் தொடங்கியது. 1965இல் இண்டேன் வந்தது. எரிவாயு அடுப்பு மேடைமேல் ஏறியதும் நின்று சமைப்பவர் தரையில் அமர்ந்து அரிந்து எழுவது இரட்டை உழைப்பாயிற்று. மேடையில் திருகிப் பொருத்தும் அரிவாள்மணை, மடக்கும் அரிவாள்மணை ஆகியவை இடைக்கால விடைகள். மூட்டுவலியுற்ற முதியோர்க்கும் சிறு குழந்தைகள் உள்ள இல்லத்தார்க்கும் திறந்து நிற்கும் அலகை நீக்குவது நன்மையாகவே இருந்தது.

தொகுப்பு என்னும் வடிவம்

கத்தித் தொகுப்பில் உணவுமேசையில் இறைச்சி அறுக்கும் கத்திகளும் இடம்பெறுவதுண்டு. ஐரோப்பிய மேசையில் கத்தி இடம்பெற்றதையும் அதன் பயன்பாடு படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டதையும் நோர்பர்ட்டு எலியாசு 1939இல் விரிவாக ஆராய்ந்தார். இலையில் கையால் உண்ணும் தமிழ் மரபில் வெட்டும் வேலை முழுவதும் அடுக்களையிலேயே முடிந்துவிடுகிறது. சீன மரபிலும் அவ்வாறே. குச்சிகளால் உண்பதற்கேற்ப ஒரே அகலக் கத்தி எல்லாவற்றையும் நுண்ணிதாக அரிந்துவிடுவதைப் பீ வில்சன் 2012இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டுகிறார். ஆகவே தொகுப்பின் ஒரு பகுதி தமிழ் இல்லத்தில் உறையைவிட்டு வெளிவரும் தேவையே எழுவதில்லை.

சப்பானின் வரலாறு இன்னும் நெருங்கிய ஒப்புமை. சோறும் மீனும் காய்களும் முதன்மையான அந்நாட்டில் காய்க்கு நக்கிரி, மீனுக்குத் தேபா எனத் தனிக்கத்திகள் இருந்தன. மாட்டிறைச்சி உண்ணும் வழக்கத்தோடு மேலைநாட்டு வடிவிலான கியூத்தோ பரவியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிறு இல்லங்களுக்காக இவற்றின் பயன்களை ஒன்றிணைத்து, 16 முதல் 18 செ.மீ. நீளமுள்ள சான்தோக்கு உருவானது. மூன்று நற்பயன் என்பது அப்பெயரின் பொருள். சமையலறை மாறியபோது சப்பானியக் கத்தித் தொழில் தன் உணவுக்கேற்ற ஒற்றை இல்லக்கத்தியை வடித்துக்கொண்டது. தமிழகத்தில் அத்தகைய வடிவாக்கம் நிகழாமைக்குப் பதம் வைக்கும் அறிவு ஆலைத் தொழிலோடு இணையாமல் பட்டறையிலேயே விடப்பட்டமை காரணம் என்று கருத இடமுண்டு.

இவ்வரலாற்றின் ஒளியில் நோக்கின், தமிழ் இல்லச் சமையலுக்குரிய தெரிவு எளிதாகிறது. 16 முதல் 20 செ.மீ. அளவில் ஒரு முதன்மைக் கத்தி, 8 முதல் 10 செ.மீ. அளவில் தோல் சீவும் சிறுகத்தி, தேங்காய்க்கும் எலும்புக்கும் பழைய வெட்டரிவாள் ஆகியவை போதும். ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரையுள்ள எஃகு இல்லத்தில் தீட்ட எளிது. 60ஐக் கடந்த சப்பானிய எஃகு கூரை நெடுநாள் தாங்கினும் பூசணிக் காம்பிலும் மீன்தலையிலும் சில்லு பெயரும் இயல்புடையது. மேலைநாட்டுக் கத்திக்குப் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகை, சப்பானியக் கத்திக்கு 15 பாகை என்னும் தீட்டுக்கோணம் பேணப்பட வேண்டும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் நீர் காட்டாமல் நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் கூர் சூடேறிப் பதம் இழக்கும். நீர் தோய்த்த கல்லே ஏற்றது. மரப்பலகைக்கான செலவைக் கத்தியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

அரிவாள்மணை முற்றிலும் நீங்கிவிட்டதாகவும் கூறவியலாது. கடற்கரை ஊர்களின் மீன்சந்தைகளில் பெரிய அலகைக் காலால் அழுத்திக்கொண்டு, செதில் நீக்கி, குடல் களைந்து, கேட்ட பருமனில் துண்டாக்கித் தருவோர் இன்றும் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். வெட்டுக்கூலி மீன்விலையோடு தனியே கொடுக்கப்படுகிறது. மரக்கட்டையில் செருகிய தொகுப்பை மேடையில் வைத்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பாளரும் வஞ்சிரத்தை அங்கேயே நறுக்கி வாங்கிச் செல்கின்றனர். அவ்வலகுகளை அன்றாடம் காலையில் தீட்டித் தருவோர்க்கு அச்சந்தைகளின் ஓரத்தில் இன்னும் வேலை இருக்கிறது.